பன்சன் சுடரைப் படமெடுத்து எரிவேகம் அளப்பது: நீலக்கூம்பு படத்தில் சரியாக விழவில்லை

நீலக்கூம்பு:

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. எஃப்ஒய்பிக்காக (இறுதியாண்டுத் திட்டப்பணி) பன்சன் சுடரின் உள்கூம்பைப் படமெடுத்து, அதிலிருந்து எரிவேகம், அதாவது எரியாத கலவைக்குள் சுடர் முன்னேறும் வேகம், கணக்கிட வேண்டும். 10 மி.மீ. உள்விட்டம், 150 மி.மீ. நீளமுள்ள பித்தளைக் குழாய். கேஸ் லேப் மேசைக் குழாயிலிருந்து, காற்று கம்ப்ரஸரிலிருந்து. இரண்டும் அடியில் ஒரு டீ இணைப்பில் சேருகின்றன. மொத்த ஓட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர். விகிதம் கணக்குப் போட்டு வைத்ததல்ல. கூம்பு கூர்மையாகும் வரை காற்றைத் திறந்தோம்.

கேமரா ஏபிஎஸ்-சி சென்சார், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், சுடரிலிருந்து 60 செ.மீ. தூரம். ஆட்டோவில் எடுத்தால் கூம்பு வெளுத்துப்போகிறது. மேனுவலில் எடுத்தால் நீலம் ஊதாவாகிறது. சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். சுடரில் அவ்வப்போது ஆரஞ்சுப் பொறிகள். கூம்பின் விளிம்பை இரண்டு பேர் குறித்தால் இரண்டு இடத்தில் குறிக்கிறோம்.

இதைவிடப் பெரிய தலைவலி கணக்கில். படத்தில் கூம்பின் உயரம் 10 மி.மீ. அதை வைத்துப் பார்த்தால் எரிவேகம் வினாடிக்கு 0.66 மீட்டர் வருகிறது. மீத்தேனுக்குப் புத்தகத்தில் 0.38 பக்கம்தான் இருக்கிறது. படத்தில் தவறா, கணக்கில் தவறா?

முக்காலி:

கேமரா பக்கத்தை நான் சொல்றேன். கேஸ் பக்கத்துக்கு இங்கே ஆள் இருக்காங்க, வருவாங்க.

முதல்ல விளக்கை அணைங்க. கறுப்புப் பட்டைக்கும் சுடருக்கும் சம்பந்தமே இல்ல. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். சைலண்ட் ஷட்டர்ல சென்சார் வரிவரியா படிக்கிறதால அந்த ஏற்ற இறக்கம் பட்டையா விழுது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்துங்க, விளக்கையும் அணைங்க, தீர்ந்துடும். எக்ஸிட் விளக்கை மட்டும் தொடக்கூடாது. அது ஃபிரேம்ல வராதபடி மேசையைத் திருப்பிப் போட்டுக்கலாம்.

பின்னால மேட் கறுப்பு அட்டை, இல்லன்னா வெல்வெட் துணி, சுடருக்கு அரை மீட்டர் தள்ளி. அட்டை பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்லயே கிடைக்கும். பளபளப்பான கறுப்பு வாங்கிடாதீங்க, அதுல சுடரே இன்னொண்ணு தெரியும். பித்தளைக் குழாயோட வாய் ஓரமும் நீல ஒளியை வாங்கி மின்னும், அது கூம்போட அடி எங்கேன்னு கண்ணை ஏமாத்தும். வெப்பம் தாங்குற கறுப்பு ஸ்டவ் பெயிண்ட் ஒரு கோட் அடிச்சு, காய்ஞ்சதும் ஒரு தடவை நல்லா சூடேத்தி நாத்தம் போன பிறகு எடுங்க.

அப்புறம் செட்டிங். ஐஎஸ்ஓ, ஷட்டர், அபெர்ச்சர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் எதுவும் ஆட்டோவுல இருக்கக்கூடாது. எஃப் 4, 1/60, ஐஎஸ்ஓ 800ல ஆரம்பிங்க. எஃப் 1.8ல 60 செ.மீ. தூரத்துக்கு ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 1 செ.மீ.தான், உங்க குழாய் விட்டமே அவ்வளவு. எஃப் 4ல அது 2 செ.மீ.க்கு மேல போகும். பத்துப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது படத்துல வெளிச்சம் எப்படிப் பரவியிருக்குன்னு காட்டுற வரைபடத்தை, பாருங்க. மொத்த ஹிஸ்டோகிராமை இல்ல, நீலத்தைத் தனியா. மொத்த ஹிஸ்டோகிராம்ல பச்சைக்குத்தான் கனம் அதிகம். அது சாதுவா நடுவுல உட்கார்ந்திருக்கும், நீலம் வலது சுவர்ல முட்டிக்கிட்டு நிக்கும். நீலம் முட்டிடுச்சுன்னா அந்தப் படத்தை அளவுக்கு எடுக்காதீங்க. ஊதா நிறத்துக்குப் பாதிக் காரணமும் அதுதான். மீதிப் பாதி ஆட்டோ வொயிட் பேலன்ஸ்: ஃபிரேம் முழுக்கக் கறுப்பா இருந்தா அதுக்குப் பிடிமானம் கிடைக்காது. 5500 கெல்வின்ல பூட்டுங்க, ரா ஃபைல்ல எடுங்க.

ஃபோகஸுக்கு: பத்த வைக்கிறதுக்கு முன்னால ஒரு ஸ்டீல் ரூலரைக் குழாய் வாயோட நடுக்கோட்டுல நிமிர்த்தி வைங்க. லைவ் வியூவைப் பெரிசாக்கி மில்லிமீட்டர் கோட்டுல ஃபோகஸ் பிடிச்சு, ரிங்கை டேப் போட்டு ஒட்டிடுங்க. அதே நிலையில ரூலரோட ஒரு படம். அதுதான் உங்க அளவுகோல். அதுக்கப்புறம் டிரைபாட்ல யாராவது இடிச்சா ரூலர் படத்தை மறுபடி எடுக்கணும், "கொஞ்சம்தானே நகர்ந்துச்சு"ன்னு விடக்கூடாது. ஷட்டரைக் கையால அமுக்காம 2 வினாடி டைமர் வைங்க.

ஃபோன் கேமரா யோசிக்கவே வேண்டாம். அது பல ஃபிரேமைச் சேர்த்து விளிம்பைத் தானே தீட்டிக் கொடுக்கும். பார்க்க அழகு, அளக்க உதவாது.

வெப்பக்கடத்தி:

உங்கள் கணக்கு சரி. ஆரம் 5, உயரம் 10 என்றால் கூம்பின் சாய்பரப்பு சுமார் 176 சதுர மி.மீ.; நிமிடத்துக்கு 7 லிட்டரை அதால் வகுத்தால் 0.66 பக்கம்தான் வரும். நீங்கள் ஒப்பிடும் வாயுதான் வேறு.

சிங்கப்பூரில் மேசைக் குழாயில் வருவது பெரும்பாலும் டவுன் கேஸ். இயற்கை எரிவாயுவைச் செனோக்கோ ஆலையில் உடைத்துத் தயாரிப்பது. அதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். ஹைட்ரஜன் மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமாக எரியும். அது பாதியளவு கலந்த வாயுவில் கூம்பு குட்டையாவது இயல்பு. மீத்தேனாக இருந்திருந்தால் இதே ஓட்டத்தில் கூம்பு 19 மி.மீ. உயரம் நின்றிருக்கும். டவுன் கேஸின் கலவை நாளுக்கு நாள் மாறக்கூடியது; எரிய எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் அதோடு மாறும். அதனால் அதை வைத்து எடுக்கும் எண்ணை எந்தப் புத்தகத்தோடும் ஒப்பிட முடியாது. உங்கள் லேப் குழாயில் எது வருகிறது என்று பொறுப்பாளரிடம் முதலில் கேளுங்கள். சில கட்டடங்களில் இயற்கை எரிவாயுவே வரும்.

அதைவிட அவசரமான ஒன்று. கம்ப்ரஸர் காற்றையும் மேசை கேஸையும் வெறும் டீயில் சேர்த்திருக்கிறீர்கள். டவுன் கேஸ் மிகக் குறைந்த அழுத்தத்தில் வருவது. குழாய் வாய் அடைத்தாலோ, காற்று வால்வை யாராவது சட்டென்று திறந்தாலோ, காற்று கேஸ் குழாய்க்குள் பின்னோக்கிப் போகும். கேஸ் பக்கம் ஒருவழி வால்வும், டீக்கு மேலே சுடர் குழாய்க்குள் பின்வாங்குவதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரும் இல்லாமல் இனி பற்ற வைக்காதீர்கள். வலைக்கம்பி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: மீத்தேன் சுடர் 2 மி.மீ. இடுக்கிலேயே அணைந்துவிடும், ஹைட்ரஜன் சுடர் 0.6 மி.மீ. வரை நுழையும். மீத்தேனுக்குப் பொருத்தமான வலை டவுன் கேஸைத் தடுக்காது. இணைப்புகள் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, பொறுப்பாளர் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

சோதனைக்கு மீத்தேன் சிலிண்டர் கேளுங்கள். எரிபொருளும் காற்றும் மிச்சமில்லாமல் எரிய, கன அளவில் மீத்தேன் 9.5 சதவீதம் வேண்டும். உங்கள் 7 லிட்டரில் மீத்தேன் 0.67, மீதி 6.3 காற்று. இங்கே எல்லாரும் சறுக்கும் இடம் ரோட்டாமீட்டர், அதாவது மிதவை வைத்த ஓட்டமானி. காற்றுக்கு அளவிட்ட ரோட்டாமீட்டரில் மீத்தேனை விட்டால் அது குறைத்துக் காட்டும், ஏனென்றால் மிதவையைத் தூக்குவது வாயுவின் அடர்த்தி. காட்டும் எண்ணை 1.34ஆல் பெருக்கினால்தான் உண்மையான ஓட்டம். அதாவது 0.67 வேண்டுமென்றால் மிதவை 0.50இல் நிற்க வேண்டும். புரொப்பேன் கிடைத்தால் தலைகீழ்: காட்டுவதை 0.81ஆல் பெருக்க வேண்டும். அதன் கலவை 4 சதவீதம்.

குழாயும் குட்டை. 10 மி.மீ. விட்டம், வினாடிக்கு 1.5 மீட்டர் வேகம் என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா, கலங்கியதா என்று காட்டுவது) 1000 பக்கம். ஓட்டம் சீரான பரவளைய வடிவத்துக்கு வர அரை மீட்டர் நீளம் தேவை. 150 மி.மீ.இல் டீயின் திருப்பத்தால் ஏற்பட்ட சுழலே வாய்வரை வரலாம். கூம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். 500 மி.மீ. குழாய் போடுங்கள். அப்போதும் கூம்பின் பக்கங்கள் நேர்கோடாக இருக்காது, நடுவில் வேகம் அதிகம் என்பதால் சற்று வளைந்திருக்கும். எனவே அரைக்கோணத்தை அளந்து சைன் போடும் முறையை விட்டுவிட்டு, நீங்கள் செய்ததுபோல் ஓட்டத்தைப் பரப்பால் வகுக்கும் முறையையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சுப் பொறிகள் தூசிதான். காற்றில் வரும் உப்புத் துகளில் உள்ள சோடியம் 589 நானோமீட்டரில் ஒளிர்கிறது. கம்ப்ரஸர் தொட்டியின் தண்ணீரை வடித்துவிட்டு, லைனில் 5 மைக்ரான் ஃபில்டர் போடுங்கள். சுடருக்குப் பக்கத்தில் யாரும் கையைத் தட்டாமல், துணியை உதறாமல் இருந்தாலே பாதி குறையும்.

நீலக்கூம்பு:

ரொம்ப நன்றி அண்ணே. பொறுப்பாளரிடம் கேட்டோம், டவுன் கேஸ்தான். டீ இணைப்பைக் கழற்றியாயிற்று, மீத்தேனுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். விளிம்பு விஷயம் இன்னும் தெளியவில்லை. நீலப் பட்டைக்கே ஒரு தடிமன் இருக்கிறதே, அதன் உள்பக்கத்தை எடுப்பதா, வெளிப்பக்கத்தை எடுப்பதா?

கத்திமுனை:

கண்ணால் குறிக்கும்வரை இரண்டு பேருக்கு இரண்டு விளிம்பு வரத்தான் செய்யும். அதை மென்பொருளிடம் விடுங்கள்.

முதலில் நீங்கள் பார்ப்பது என்ன என்று தெரிய வேண்டும். கூம்பு உள்ளீடற்ற மெல்லிய ஓடு. ஓரத்தில் பார்வைக்கோடு அந்த ஓட்டின் வழியே நீளவாக்கில் ஊடுருவுவதால் அங்கே பிரகாசம் அதிகம், நடுவில் குறைவு. நீலம் பெரும்பாலும் 431 நானோமீட்டரில் ஒளிரும் சிஎச் துகளிலிருந்தும், பச்சை கலந்த பகுதி 516 பக்கம் ஒளிரும் சி2விலிருந்தும் வருகிறது. இமேஜ்ஜே இலவச மென்பொருள்தான். ரா ஃபைலை விளிம்பு தீட்டாமல், இரைச்சல் குறைக்காமல், நேர்கோட்டு அளவில் 16 பிட் டிஃப் ஃபைலாக மாற்றி, நீலத் தளத்தை மட்டும் திறங்கள். ஒவ்வொரு கிடைவரியிலும் இடதுபக்க உச்சம், வலதுபக்க உச்சம் இரண்டையும் எடுங்கள். இரண்டின் இடைவெளியில் பாதி அந்த வரியின் ஆரம். வரிவரியாகச் சிறு வளையங்களின் சாய்பரப்பைக் கூட்டினால் முழுப் பரப்பு கிடைக்கும். நுனியில் இரண்டு உச்சமும் ஒன்றாகிவிடும். அங்கே ஒரு சின்னக் குமிழாக மூடிக்கொள்ளலாம், பரப்பில் அதன் பங்கு சொற்பம்.

ஆனால் ஒளிரும் ஓடு இருப்பது வினை நடக்கும் சூடான பக்கத்தில். எரியாத கலவை உள்ளே நுழையும் பரப்பு அதற்குச் சற்று உள்ளே. ஆகவே ஒளிப்படத்தில் எடுத்த பரப்பு கொஞ்சம் பெரிது, எரிவேகம் கொஞ்சம் குறைவாகவே வரும். அறிக்கையில் இதை எழுதாவிட்டால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் வைத்த, முக்காலியும் மாற்றாமல் விட்ட 60 செ.மீ. தூரத்தில் எனக்கு உடன்பாடில்லை. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் கிடைத்தால் 1 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். 60 செ.மீ.இல் குழாயின் முன்விளிம்புக்கும் நடுக்கோட்டுக்கும் அளவில் 0.8 சதவீத வித்தியாசம் வரும். 1 மீட்டரில் 0.5. கேமராவின் உயரமும் குழாய் வாயின் மட்டத்திலேயே இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் வாய் நீள்வட்டமாகி, அடிவரி எங்கே என்பதே தெரியாமல் போகும்.

உள்விளிம்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் ஷ்லீரன் போடுங்கள். அது அடர்த்தி மாறும் இடத்தைக் காட்டும், ஒளிரும் இடத்தை அல்ல. பழைய 114 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கியின் கண்ணாடி, குவியத்தூரம் 900 மி.மீ., பழைய பொருள் விற்கும் கேரசெல் தளத்தில் அடிக்கடி வருவது. அது பெரும்பாலும் கோளக் கண்ணாடி. இந்த வேலைக்கு அதுதான் தோது. கண்ணாடியிலிருந்து 1800 மி.மீ. தூரத்தில் 1 வாட் வெள்ளை எல்இடி. அதன் முன்னால் அலுமினியத் தாளில் ஊசியால் குத்திய அரை மி.மீ. துளை. துளையின் பிம்பம் திரும்பி வந்து விழும் புள்ளியில் சவர பிளேடு, அதற்கு ஒட்டிப் பின்னால் 200 மி.மீ. லென்ஸ். பிளேடைத் திருகு மேடையில் வைத்து மெல்ல நகர்த்தினால் கண்ணாடி முழுவதும் ஒரே சீராக மங்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து நிழல் ஓடிவந்தால் பிளேடு குவியத்தில் இல்லை. முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யுங்கள். கூம்பின் சுவர் கிட்டத்தட்டச் செங்குத்து என்பதால் பிளேடும் செங்குத்தாக நிற்க வேண்டும். லென்ஸின் அபெர்ச்சரை முழுதாகத் திறந்து வையுங்கள், மூடினால் படத்தின் ஓரம் வெட்டுப்படும். ஷட்டர் 1/1000க்கு மேல் போனால் சுடரின் சொந்த ஒளி படத்தில் தலைகாட்டாது.

இந்த ஒற்றைக் கண்ணாடி அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி சுடரை இரண்டு முறை, சற்றே வேறு கோணத்தில் கடப்பதால் விளிம்பு இரட்டையாகத் தெரியும். எல்இடிக்கும் பிளேடுக்கும் 30 மி.மீ. இடைவெளி, சுடர் கண்ணாடிக்கு 120 மி.மீ. முன்னால் என்றால் இரட்டிப்பு 2 மி.மீ. 10 மி.மீ. அகலக் கூம்பில் அது பெரிய பிழை. பலரும் எல்இடியைப் பிளேடுக்குப் பக்கவாட்டில் வைப்பார்கள். மேலே வையுங்கள். அப்போது படம் மேல்கீழாக இரட்டிக்கும். மீத்தேன் கூம்பின் சுவர் செங்குத்துக்கு 15 பாகை மட்டுமே சாய்ந்திருப்பதால் ஆரத்தில் அரை மி.மீ.தான் தெரியும். ஒளியைப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் கிடைத்தால் அதுவும் இருக்காது. சுடரைக் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கி வைத்து இரட்டிப்பைக் குறைக்க ஆசை வரும், 100 மி.மீ.க்குள் போகாதீர்கள், கண்ணாடி சூடாகி வடிவம் மாறினால் பின்புலமே கோடுகோடாகிவிடும்.

நீலக்கூம்பு:

ஷ்லீரன் போட்டுப் பார்க்கிறோம். இன்னொரு சின்னக் கேள்வி. போஸ்டருக்கு எங்கள் நால்வரோடு சுடரும் தெரியும்படி ஒரு படம் வேண்டும். விளக்கைப் போட்டால் சுடர் காணாமல் போகிறது, அணைத்தால் எங்களைக் காணோம்.

முக்காலி:

1 மீட்டர் சரிதான், மேக்ரோ லென்ஸ் இருந்தா அப்படியே செய்ங்க.

போஸ்டர் படத்தை அளவுப் படத்தோட சேர்க்காதீங்க, தனியா எடுங்க. அறை விளக்கு அணைஞ்சே இருக்கட்டும். முதல்ல சுடருக்கு மட்டும் எக்ஸ்போஷர் பிடிங்க: எஃப் 4, 1/30, ஐஎஸ்ஓ 800. இப்ப ஃபிளாஷை மேனுவல்ல 1/32ல வெச்சு, பக்கவாட்டுல 45 பாகையில, தலைக்கு மேல இருந்து முகத்துக்கு மட்டும் விழுற மாதிரி வைங்க. ஷட்டர் சுடருக்கு, ஃபிளாஷ் ஆளுக்கு. சுடர் வெளிச்சம் போதலன்னா ஷட்டரை நீட்டுங்க, முகம் இருட்டா இருந்தா ஃபிளாஷைக் கூட்டுங்க. ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்காது. கறுப்பு அட்டையைச் சுருட்டி ஃபிளாஷ் வாய்ல மாட்டினா வெளிச்சம் பின்புலத்துல சிந்தாது. சுடருக்கு நேர் பின்னால யாரும் நிக்க வேண்டாம், வெள்ளை லேப் கோட் மேல நீலம் தெரியவே தெரியாது. நாலு பேரும் ஒரே பக்கமா நில்லுங்க, சுடருக்குப் பின்னால வெறும் கறுப்பு.

பாதுகாப்புக் கண்ணாடியில ஃபிளாஷ் பளிச்சிட்டா கண்ணாடியைக் கழட்டாதீங்க, ஃபிளாஷை உயர்த்துங்க. எரியுற பர்னர் பக்கத்துல வெறுங்கண்ணோட நிக்கிற போஸ்டரை மதிப்பெண் போடுறவங்க முதல் பார்வையிலேயே பிடிச்சுடுவாங்க. பாஸ் அட்டையையும் கழுத்துல இருந்து எடுத்துடுங்க, பேரும் எண்ணும் போஸ்டர்ல தெளிவா விழும்.

வெப்பக்கடத்தி:

ஏர்கான் பற்றி யாரும் சொல்லவில்லை. சுடர் ஆடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், பலர் உடனே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் அறை 23 பாகையிலிருந்து 30க்கு ஏறும்; கலவையின் தொடக்க வெப்பநிலை அவ்வளவு ஏறினாலே எரிவேகம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். காலையில் எடுத்த படமும் மதியம் எடுத்த படமும் ஒத்துப்போகாததற்குக் கேமராவைக் குறை சொல்வீர்கள். ஏர்கான் ஓடட்டும், சுடரைச் சுற்றி மூன்று பக்கம் மேட் கறுப்புத் தகடு நிறுத்துங்கள். அகலம் 30 செ.மீ., மேலே திறப்பு, அடியில் 2 செ.மீ. இடைவெளி, கேமரா பக்கம் திறந்தபடி. கண்ணாடித் தடுப்பு வைத்தால் பிரதிபலிப்பு வரும். புகைபோக்கி விசிறியை மட்டும் அணைக்கக்கூடாது. எரிபொருள் மிகுந்த கலவையில் கார்பன் மோனாக்சைடு வரும்.

ஒவ்வொரு படத்தொகுதிக்கும் முன்னால் குழாய் வாய்க்குக் கீழே தெர்மோகப்பிளில் கலவையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பற்ற வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள், அதற்குள் பித்தளை சூடாகி நிலைக்கு வந்துவிடும். லென்ஸையும் தொலைநோக்கிக் கண்ணாடியையும் வெளியிலிருந்து கொண்டுவருவதில் பயமில்லை. குளிர்ந்த லேபிலிருந்து வெளி நடைபாதைக்கு எடுத்துப் போகும்போதுதான் ஈரம் படியும். பையின் ஜிப்பை மூடியே வெளியே எடுத்துப் போய், அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துணியால் துடைத்தால் அலுமினியப் பூச்சில் கீறல் விழும், தானாகக் காயவிடுங்கள்.